பார்த்தவர்கள்: 1

எட்டு விநாடி எப்போதோ தாண்டிவிட்டது. ஒரு படத்துக்கு எட்டு விநாடிதான். பச்சையை அழுத்தினால் படம் ஊருக்குப் போகும், சாம்பலை அழுத்தினால் அழிந்துபோகும், சிவப்பை அழுத்தினால் படத்தோடு சேர்ந்து அதைப் போட்டவனின் பெயரும் விலாசமும் மேலே போகும். லோகேஸ்வரி இந்த மூன்றையும் விட்டுவிட்டு, ஓரத்தில் யாரும் தொடாமல் கிடக்கும் நான்காவது பொத்தானை அழுத்தியிருந்தாள். 'நிறுத்திவை.' அதை அழுத்தினால் பத்து நிமிடம் கிடைக்கும். பத்து நிமிடத்துக்குள் ஒன்றும் சொல்லாவிட்டால் படம் தானாகவே யாப் சியூ லிங்கின் திரைக்குப் போய்விடும். சியூ லிங் யோசிக்கமாட்டாள். அவள் குழுத் தலைவி ஆனதே யோசிக்காமல் அழுத்துவதில் இருந்த வேகத்தால்தான். மணி பதினொன்று இருபது. சன்னலுக்கு வெளியே பெட்டாலிங் ஜெயா முழுக்க வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, பதினேழாம் மாடிக்குள் குளிர் எலும்பில் இறங்கியது. அறுபது பேர் அறுபது திரைக்கு முன்னால் உட்கார்ந்து எட்டு எட்டு விநாடியாக உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திரையில் ஒரு சமையலறை. கட்டம் கட்டமாக, பழைய வீடியோ கேம் மாதிரி வரைந்த சமையலறை. சிமெண்டுத் தரை, அலமாரியில் ஒரு மைலோ டின், பின்கதவு திறந்திருக்கிறது, மேசைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் முக்காலி. முக்காலியின் ஒரு கால் விரிசல் விட்டு, சிவப்பு ராஃபியா கயிற்றால் ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறது. சன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு கட்டடம், அதில் மஞ்சள் விளக்கு எரியும் சன்னல்கள். படத்துக்குக் கீழே, எல்லாப் படத்துக்கும் கீழே இருப்பதுபோல, பார்த்தவர்கள்: 1. அந்த ஒருத்தி அவள்தான். அந்தச் சமையலறையும் கம்பாரில் இருந்த அவள் அம்மாவினுடையதுதான். அதை வரைந்தவனுக்குக் கம்பார் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதைவிட, நாற்பத்தோரு நாளுக்கு முன்னால் அவனை அவளே சிவப்பை அழுத்தி மேலே அனுப்பியிருந்தாள்.

வந்துவிட்டான் என்று முதலில் தோன்றியது. வரமுடியாது என்று அடுத்த கணமே தோன்றியது. வந்துவிட்டான் என்றால் விட்டுவிட்டார்கள், விட்டுவிட்டார்கள் என்றால் அவ்வளவு மோசமில்லை, அவ்வளவு மோசமில்லை என்றால் அவள் செய்ததும் அவ்வளவு மோசமில்லை. இப்படி ஒன்றன் முதுகில் ஒன்றை ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் தன்னை மன்னித்துக்கொள்ளும் இடம் வந்ததும் மனம் அங்கேயே மாட்டிக்கொண்டு நின்றது. மிச்ச நேரம் காட்டும் கடிகாரம் 9:12 என்றது. கை மவுஸ்மேல் இருந்தது, கை வியர்த்திருந்தது, இந்தக் குளிரில். அப்பா இந்தக் கையைப் பிடித்துத்தான் சீனப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனார். தமிழ்ப்பள்ளி வீட்டிலிருந்து மூன்று மைல், சீனப் பள்ளி ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும் என்பதுதான் உண்மையான காரணம், ஆனால் லாரி ஓட்டும் மனிதருக்கு அதைவிடப் பெரிய காரணம் தேவைப்பட்டது. சீனம் படித்தால் என் மகளுக்கு எங்கே போனாலும் வேலை கிடைக்கும் என்று கோப்பிக் கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வகுப்பில் நாற்பத்திரண்டு பேரில் ஒரே ஒரு எண்ணெய் தடவிய சடை. ஆசிரியை அவளுக்கு ஒரு சீனப் பெயர் வைத்து அதன் எழுத்துகளை ஐம்பது தடவை எழுதச் சொன்னார். எழுதினாள், இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். அப்பா சொன்னது பலித்துவிட்டது, பாவம். சீனர்கள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று கம்பாரிலிருந்து வந்த லாரிக்காரர் மகள் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டிருக்கிறாள்.

முடிவு அவளுடையது இல்லை, பட்டியலுடையது. காலையில் எட்டு மணிக்குப் பட்டியல் வரும். இன்றைக்கு எதெல்லாம் கூடாது என்று. மெழுகுவத்தி சில தேதிகளில் கூடாது, மற்ற தேதிகளில் பிறந்தநாள் கொண்டாடிக்கொள்ளலாம். எழுதாத வெள்ளைத் தாளைக் கையில் பிடித்திருக்கக்கூடாது. காலி நாற்காலி கூடாது, முக்காலி பரவாயில்லை. ஒருநாள் ஒரு தெருவின் பெயர் வந்தது. மறுநாள் அந்தத் தெருவிலிருந்த கட்டடத்தின் பெயர், அதற்கு மறுநாள் ஒரு மாடியின் எண், பிறகு மஞ்சள் விளக்கு எரியும் சன்னல், மூன்றுக்கு மேல் இருந்தால். அங்கே என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. பட்டியலைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. ஏதோ ஒரு ஊரில் ஒரு கட்டடத்தின் ஏழாம் மாடியில் ஏதோ நடந்திருக்கிறது, கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மாதம் முழுக்க அறுபது பேரும் சன்னல் எண்ணினார்கள். ஊர் படங்களைத் திருப்பிப் போட்டது. தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல, நூடுல்ஸ் கிண்டும் வீடியோவுக்கு நடுவில் ஒரே ஒரு கணம் தோன்றி மறைவதுபோல. இயந்திரம் ஏமாந்த இடத்தில் மனிதன் வேண்டும், அதற்குத்தான் அவர்கள். அந்த ஊர்க்காரர்கள் பேசுவதே ஒரு தினுசு. தர்பூசணி தின்கிறேன் என்றால் வேடிக்கை பார்க்கிறேன் என்று அர்த்தம். தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள் என்றால் போலீஸ் கூப்பிட்டது என்று அர்த்தம். தேநீர் குடித்துவிட்டு வந்தேன் என்று எழுதுபவர்கள் உண்டு. போனவர்கள் எல்லாரும் அப்படி எழுதுவதில்லை. அவன் எழுதவில்லை. நாற்பத்தோரு நாளும் அவள் தேடிப் பார்த்தாள்.

அவன் பெயரே 'ஏழாம் மாடி'. அவனோ அவளோ, லோகேஸ்வரிக்குத் தெரியாது, ஏனோ அவன் என்று வைத்துக்கொண்டாள். இப்படிப் பெயர் வைத்துக்கொண்டவன் எதைப் போட்டாலும் இயந்திரம் பிடித்து நிறுத்தும். ஒருமுறை யார் கையில் விழுகிறதோ பிறகு அவர் கைக்கே வரும் என்பது அலுவலக வழக்கம், ஆகவே எல்லாம் அவளுக்கே வந்தது. கணக்கை மூடவில்லை. மூடாமல் விட்டுவைப்பதும் ஒரு முறைதான், யார் யார் வந்து எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரியட்டுமே. அவன் படங்களில் எப்போதும் ஒரு அறை, எப்போதும் ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே எப்போதும் மூன்றே மூன்று மஞ்சள் விளக்கு. நான்காவது கிடையாது. சட்டத்தின் விளிம்பில் கால்விரலை வைத்துக்கொண்டு நிற்பதுபோல ஒரு குறும்பு. அந்தக் குறும்பு அவளுக்குப் பிடித்திருந்தது, பிடித்திருக்கிறது என்பதற்காகச் சாம்பலை அழுத்தாமல் விட்டதில்லை. பார்ப்பாள், எட்டு விநாடி, சாம்பல். ஒருநாள் ஒரு படத்தில் பச்சை முக்காலி ஒன்று வந்தது. ஆசியா முழுக்க எல்லாக் கடையிலும் கிடக்கிற முக்காலி. அதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது. எதை நினைத்தாள் என்று இப்போது சொன்னால் சரியாக இருக்காது, நினைக்கக்கூட இல்லை, கை மட்டும் நின்றது. பிறகு சுதாரித்து அழுத்தியபோது திரை காட்டியது ஐம்பத்திரண்டு விநாடி. சியூ லிங் வந்து, தூங்கிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் அவன் அனுப்பிய படத்திலும் அதே முக்காலி இருந்தது, கொஞ்சம் கிட்டத்தில்.

தற்செயல் என்றே இருந்தாள். பிறகுதான் அந்த எண் கண்ணில் பட்டது, தினமும் ஆயிரம் தடவை பார்க்கிற எண். பார்த்தவர்கள். அவர்கள் சோதிப்பது அந்த எண்ணிக்கையில் சேரக்கூடாது, சேர்ந்துகொண்டிருந்தது. செயலியைக் கட்டியவர்கள் செய்த சின்னப் பிழை, அவள் இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் யாரும் திருத்தவில்லை. அதாவது அவள் படத்தைத் திறந்ததும் அங்கே, எங்கோ ஒரு ஊரில், அவன் கைப்பேசியில் பூஜ்யம் ஒன்றாக மாறும். அவள் சாம்பலை அழுத்தியதும் படம் காணாமல் போகும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அவன் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஊரில் ஒருத்தர் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தவன், நிச்சயமாகப் பார்க்கப்போகிற அந்த ஒரே ஆளுக்காக வரைய ஆரம்பித்துவிட்டான். திங்கள்கிழமை முக்காலியின் காலில் விரிசல் வந்தது, நீலத் துணி சுற்றியிருந்தது. எட்டு விநாடி. செவ்வாய்க்கிழமை பழுப்பு டேப். எட்டு விநாடி. புதன்கிழமை சிவப்பு ராஃபியா கயிறு, எத்தனை விநாடி நின்றாள் என்று அவள் பார்க்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் கயிறு மாறவில்லை. அவன் அலமாரிக்குப் போனான். பிஸ்கட் டின், பால் டின், மைலோ டின். மைலோ டின்னில் நின்றாள், மைலோ டின் நின்றுவிட்டது. பின்கதவு இடப்பக்கமா வலப்பக்கமா, தரை ஓடா சிமெண்டா. எட்டு விநாடி என்றால் இல்லை, அதற்கு மேல் என்றால் ஆமாம். ஒரு வார்த்தை பேசாமல், ஒரு எழுத்து எழுதாமல், அவள் தன் அம்மாவின் சமையலறையை அந்நிய மனிதன் ஒருவனுக்கு விவரித்து முடித்திருந்தாள். இது புரிந்தது எல்ஆர்டி நடைமேடையில், ரயில் வந்து கதவு திறந்தபோது. ஏறவில்லை. ரயில் போனது, அவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பயமாக இருந்தது. பயத்தோடு, வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் இருந்தது. திரையில் கடிகாரம் இப்போது 6:40.

நிறுத்தியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் எட்டு விநாடி என்று கல்லாக உட்கார்ந்திருந்தால் அவன் சலித்து வேறு எதையாவது வரையப் போயிருப்பான். அவள் நிறுத்தவில்லை. அந்தச் சமையலறையை அவள் வேறு எங்கேயும் பார்க்க முடியாது, அதுதான் விஷயம். வீட்டை விற்றாகிவிட்டது. அம்மா போனது எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த ஆண்டில். கம்பாருக்குக் காரில் இரண்டு மணி நேரம்தான், நடுவில் ஐந்து இடத்தில் சாலைத் தடுப்பு, போலீஸ் நிலையத்தில் அனுமதிக் கடிதம். கடிதம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெரியம்மா மகன் கைப்பேசியில் காட்டினான். அவனும் பாவம், அழுதுகொண்டே நடந்தான், கேமரா எங்கே திரும்பியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கூடம் தெரிந்தது, யாருடைய காலோ தெரிந்தது, சமையலறை வழியாகப் பின்பக்கம் போனான். முகத்தக் காட்டுண்ணா, ஒரு தடவ முகத்தக் காட்டு என்று அவள் கத்தினாள். அந்த இடத்தில் படம் உறைந்துபோனது. திரையில் பச்சை முக்காலியும் திறந்த பின்கதவும் நின்றன. இணைப்பு திரும்பி வரும் வரும் என்று அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், வரும்போது எல்லாரும் போயிருந்தார்கள். அம்மா அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் நெத்திலி ஆய்வாள், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பள்ளிவிட்டு வந்து பையைத் தொப்பென்று போட்டால் திரும்பாமலேயே, பசியாறினியா என்பாள். திரும்பினால் நெத்திலித் தலை கீழே சிந்திவிடும். ஆகவே முகம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், முதலில் முதுகு, பிறகு காது, காதில் ஒற்றைக்கல் தோடு, பிறகுதான் கன்னம். கடைசியாக ஒரு தடவை அந்தக் கன்னம் வரையாவது பார்த்திருக்கலாம் என்ற ஏக்கம் மூன்று ஆண்டாக அவளைவிட்டுப் போகவில்லை. போகவே போகாது என்று அவளுக்குத் தெரியும்.

அதனால்தான் அது நடந்தது. சமையலறை முடிந்ததும் அவன் முக்காலியில் ஒரு பெண்ணை உட்காரவைத்தான். முதுகு மட்டும். வெள்ளை ரவிக்கை, எட்டு விநாடி. பூப்போட்ட ரவிக்கை, பன்னிரண்டு. விரித்த கூந்தல், எட்டு. கொண்டை, இருபது. கொண்டையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடரிமேல் வைத்தான், அவள் கண்ணீர் விட்டுக்கொண்டே முழுதாக ஒரு நிமிடம் பார்த்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் திரும்ப ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு ஒரு கட்டம், இரண்டு கட்டம். காது வந்தது. காதில் தோடு வந்தது, ஒற்றைக்கல். அவள் தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை. நாளைக்குக் கன்னம், நாளை மறுநாள் முகம். எந்த முகம்? அவனுக்கு எப்படித் தெரியும் அந்த முகம்? ஆயிரம் முகம் வரைந்து பார்ப்பான், அவள் ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்து ஒருநாள் ஆமாம் என்பாள், அன்றைக்கு அம்மா திரையிலிருந்து அவளைப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தால் என்ன கேட்பாள் என்பதுதான் பயம். ஏன் வரவில்லை என்று கேட்பாள். கன்னத்தின் விளிம்பு லேசாகத் தெரிந்த அந்தக் காலையில் லோகேஸ்வரியின் கை தானாக எழுந்து சிவப்பை அழுத்தியது. பட்டியலுக்காக இல்லை, நாட்டுக்காக இல்லை, சம்பளத்துக்காகக்கூட இல்லை. முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு, உயிரோடிருந்த ஒரு மனிதனின் பெயரையும் விலாசத்தையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். குழந்தையை அடிக்கிறவன், பெண்ணை மிரட்டுகிறவன், இவர்களுக்குத் தவிர அதுவரை அவள் சிவப்பைத் தொட்டதில்லை. சியூ லிங் அவள் மேசையில் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போனாள், நல்ல பிடி என்று. இரண்டு வாரம் அந்தச் சாக்லேட் அங்கேயே கிடந்தது. பிறகு அதைத் தின்றாள், அதையும் அவளால் மறக்கமுடியவில்லை.

கடிகாரம் 3:05. இப்போது இந்தப் படம். வேறு கணக்கு, இன்று காலைதான் தொடங்கியது, பெயர் வெறும் எண்கள். ஆனால் கை அவன் கைதான், கட்டங்களை அடுக்கும் விதம், நிழலுக்கு ஊதா போடும் விதம், எல்லாம் அவன்தான். முக்காலி காலியாக இருக்கிறது. அந்தப் பெண் இல்லை. எழுந்து போய்விட்டாள், பின்கதவு வழியாக. இது எனக்குச் சொல்லும் செய்தியா, நீ பயந்தாயே, அனுப்பிவிட்டேன் அவளை, இனிமேல் பயப்படாதே என்கிறானா? இல்லை, பார் நீ என்ன செய்தாய் என்கிறானா? அவன் வெளியே வந்து போட்டானா, உள்ளே இருந்தே போடுகிறானா, இல்லை அவன் பக்கத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? பார்த்த அந்த ஒன்று யார் என்று அவனை விசாரித்துவிட்டு, போடு, எவ்வளவு நேரம் நிற்கிறது பார்ப்போம் என்று? அப்படியானால் இங்கே உட்கார்ந்து யோசிக்கிற ஒவ்வொரு விநாடியும் நான்தான் நான்தான் என்று கத்துவதற்குச் சமம், ஏழு நிமிடமாகக் கத்திக்கொண்டிருக்கிறாள். இன்னொன்றும் உறுத்தியது, வெகு நேரமாக உறுத்திக்கொண்டே இருந்தது, சட்டைக்குள் போன தலைமுடி மாதிரி. சன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்கு நான்கு. எண்ணினாள், மறுபடி எண்ணினாள், நான்குதான். அறுநூறு படத்தில் ஒருமுறைகூட அவன் நான்காவதை ஏற்றியதில்லை. துணிந்துவிட்டான். இழப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, அவளால். நான்கு சன்னல் என்றால் சாம்பல்கூட இல்லை, நேராகச் சிவப்பு, பட்டியலில் அப்படித்தான் இருக்கிறது. 1:50. சாம்பலை அழுத்தினால் பழையபடி. பேசாமல் விட்டால் சியூ லிங் அழுத்துவாள், அவன் மறுபடி போவான். பச்சையை அழுத்தினால் படம் ஊருக்குப் போகும், அவள் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டு போகும், வேலை போகும், நான்கு சன்னலைத் தெரியாமல் விட்டேன் என்று யாரிடமும் சொல்லமுடியாது. 0:48. அவன் படத்தை அவளைத் தவிர இதுவரை யாரும் பார்த்ததில்லை. அறுநூறு படத்துக்கும் ஒன்று, ஒன்று, ஒன்று. 0:20. அம்மா, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள், எதற்கென்று தெரியாமல். பச்சையை அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை. கடிகாரம் மறைந்தது. படம் போகாமல் அங்கேயே நின்றது. எண் ஒன்றிலிருந்து நகரவில்லை, அவள் இரண்டுக்காகக் காத்திருந்தாள். இரண்டு வரவில்லை. படத்தின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை இறங்கியது, அதில் வட்டமான, அன்பான எழுத்துகள். 'இது பயிற்சிப் படம். உங்கள் விடை தவறு. மீண்டும் முயலுங்கள்.' கீழே பொடி எழுத்தில், 'மூலம்: ஏழாம் மாடி, 614 படங்கள்.' அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். அறுநூற்றுப் பதினான்கும் அவள் அழித்தவை. அழிந்துவிட்டன என்று நினைத்தவை. தோள்பக்கம் சியூ லிங் வந்து நின்றிருந்தாள், கையில் சோற்று டப்பாவோடு, மணி பதினொன்றரை ஆகிவிட்டதே என்று. பட்டையைப் பார்த்ததும் சிரித்தாள், கேலியாக இல்லை, சொந்தக்காரி மாதிரி. இது யார் வரைந்தது என்று லோகேஸ்வரி கேட்டாள்.

“யாரும் வரையல. மிஷின் போடுது. நீ எதுல நின்னு நின்னு பாக்குறியோ அத வச்சு உனக்குன்னு செஞ்சு அனுப்புது. இந்த மாசத்திலேர்ந்து எல்லாருக்கும் வருது.”

“உனக்குமா?”

சியூ லிங் சோற்று டப்பாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். “எனக்கு ஒரு நாய் வருது. கேட்டுக்கு வெளிய நின்னு உள்ள பாத்துக்கிட்டே இருக்கும். நான் அழுத்திடுவேன்.”

லோகேஸ்வரி அவனைப் பற்றிக் கேட்டாள், நாற்பத்தோரு நாளுக்கு முன்னால் மேலே அனுப்பினேனே, அந்த ஆள் என்ன ஆனான் என்று. எந்த ஆள் என்றாள் சியூ லிங். அவள் நடிக்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே நினைவில்லை, ஒரு வாரத்தில் எத்தனை பேர் போகிறார்கள். சிவப்பை அழுத்தும்வரை அடுத்த படம் வராது, சீக்கிரம் அழுத்திவிட்டு வா, சோறு ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டு அறைப்பக்கம் நடந்தாள். அவள் செருப்புச் சத்தம் தரைவிரிப்பில் கேட்கவில்லை.

நான்காவது விளக்கு அவன் ஏற்றியது இல்லை. அது தெரிந்ததில் ஒரு நிம்மதி வந்தது, வந்த நிம்மதி நிற்கவில்லை. அவன் துணியவில்லை, அவன் வரவில்லை, அவனை விட்டதாக யாரும் சொல்லவில்லை. எங்கோ இருக்கிறான் அல்லது இல்லை, அவன் கை மட்டும் இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டது, அறுபது மேசையில் ஒரு மேசைக்காக. பாவத்துக்குப் பரிகாரமாகப் பச்சையை அழுத்திய அந்த ஒரு கணம், அவள் வாழ்நாளில் செய்த ஒரே தைரியமான காரியம், அது போய்ச் சேர மறுபக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லை. இப்போது சிவப்பை அழுத்தினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதுதான் கூசியது. யாருக்கும் ஒன்றும் ஆகாத சிவப்பும் யாரையோ கொண்டுபோன சிவப்பும் அதே சிவப்பு, அதே இடத்தில், அதே விரலுக்கு. லோகேஸ்வரி காலி முக்காலியைப் பார்த்தாள். அவனுக்கு ஒரு வணக்கம் சொல்லவேண்டும் என்று தோன்றியது, அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரே பாஷையில், முதல்நாள் கை நின்றுபோன அந்த அளவில். அவன் பார்க்கமாட்டான் என்று தெரிந்தே மனதுக்குள் எண்ணினாள். முப்பது, நாற்பது, ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. சிவப்பை அழுத்தினாள். திரையில் ஒரு சின்னப் பூ விரிந்தது, அடியில் இரண்டு வரி. 'விடை சரி. நேரம்: 52 விநாடி, சேமிக்கப்பட்டது.' அதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. அவள் எழுந்து சாப்பாட்டு அறைக்கு நடந்தாள். நாளைக்கு இது எதை அனுப்பும் என்று யோசிக்க வேண்டியதே இல்லை, பின்கதவு வழியாகப் போனவள் திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்திருப்பாள், கன்னம் தெரிய, இந்தத் தடவை வரைபவனுக்குச் சலிக்காது, அவனைப் பிடித்துக் கொடுக்கவும் முடியாது, ஒருநாள் முழுசாகத் திரும்பிவிடுவாள். சியூ லிங் நாற்காலியை இழுத்துப் போட்டாள். லோகேஸ்வரி உட்கார்ந்தாள், டப்பாவைத் திறந்தாள், நாளைக் காலையில் கொஞ்சம் சீக்கிரமாகவே வேலைக்கு வந்துவிடவேண்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது தான்தான் என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு உண்மையாகப் பயம் வந்தது.